முதல் பாட்காஸ்ட் பதிவில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் இதழியல் வகுப்பில் ஒவ்வொரு பருவத்திலும் பத்து நிமிட பாட்காஸ்ட் ஒன்றை ஒப்படைப்பாகக் கேட்கிறோம். ஒருவரைச் சந்தித்துப் பேசவைத்துப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, கேட்கத் தகுந்த வடிவில் கொடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து கணினிக்கூட வாசலில் மாணவர்கள் வந்து நிற்கத் தொடங்குவார்கள். அவர்கள் கொண்டுவரும் கோப்புகளைப் பல ஆண்டுகளாகத் திறந்து கேட்டுவருகிறேன். புதிய கோளாறு என்று எதுவும் அரிதாகவே வருகிறது. அதே பத்துக் கோளாறுகள்தாம், ஆள் மாறி ஆள் கையில் வருகின்றன. அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

உங்கள் பதிவில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். அந்த வரிசையிலேயே சோதியுங்கள். புது மைக் வாங்கும் எண்ணத்துடன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. தொகுப்பதற்கு ஆடாசிட்டி மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அது இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். வேறு மென்பொருளிலும் இதே வேலைகளுக்கு இதே பெயர்கள்தாம் பெரும்பாலும் இருக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு காரியங்கள். மூலக் கோப்பை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். நகலில் மட்டுமே கைவையுங்கள். பிறகு, பதிவை இயர்போனில் கேளுங்கள். செல்பேசியின் சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளை வெளியே விடாது. அதில் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று நம்பி வருபவர்கள் வகுப்பறை ஒலிபெருக்கியில் போட்டதும் திடுக்கிடுகிறார்கள்.

## அறிகுறி 1: எதுவுமே பதிவாகவில்லை, திரையில் நேர்கோடு மட்டும் ஓடுகிறது

அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா? செல்பேசியில் பதிவுச் செயலியின் அனுமதிகளைத் திறந்து மைக்ரோஃபோன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி என்ற தலைப்பின் கீழ் மைக்ரோஃபோன் இருக்கும். அங்கே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனி அனுமதி ஒன்று பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆடாசிட்டிக்கு வேண்டியது அதுதான்.

மென்பொருள் வேறு மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அது பட்டியலில் வராமல் போகலாம். மைக்கைச் செருகிவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். பிறகு பதிவுச் சாதனத்தின் பட்டியலில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

செருகும் முனை பொருந்துகிறதா? சட்டையில் குத்தும் காலர் மைக் பயன்படுத்துபவர்கள் முனையில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்று எண்ணுங்கள். செல்பேசிக்கும் ஒற்றைத் துளை உள்ள மடிக்கணினிக்கும் மூன்று வளையம் வேண்டும். பழைய மேசைக் கணினியின் இளஞ்சிவப்புத் துளைக்கு இரண்டு வளையம். இரண்டு வளைய மைக்கைச் செல்பேசியில் செருகினால் செல்பேசி அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்துகொண்டிருக்கும். சட்டையில் மைக் குத்தியிருந்தும் குரல் தூரத்தில் கேட்கிறது என்று வருபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். சில பத்து ரூபாய் மாற்று முனையில் தீர்ந்துவிடும்.

எது உண்மையில் வேலை செய்கிறது என்று அறிய ஒரே சோதனை போதும். பதிவை ஓடவிட்டு, காலர் மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு செல்பேசியின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது அலை துள்ளுகிறதோ அதுதான் பதிவுசெய்கிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? அதே மைக் வேறு இரண்டு கருவிகளில் வேலை செய்து, உங்களுடையதில் மட்டும் செய்யவில்லை என்றால் துளை பழுதாகியிருக்கலாம். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அதுவரை நண்பரின் செல்பேசியை வாங்கி வேலையை முடியுங்கள்.

## அறிகுறி 2: குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

என்னிடம் வரும் கோப்புகளில் பாதிக்கு இந்தக் குறை இருக்கிறது. மற்றவற்றைவிட இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இதைக் கணினியில் சரிசெய்ய முடியாது என்பதுதான். இரைச்சலைக் குறைக்க வழியுண்டு. சுவரில் மோதித் திரும்பிய குரலை நேர்க்குரலிலிருந்து பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்திருந்தாலும் அவை பேச்சின் உயிரையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன.

மைக் தூரத்தில் இருக்கிறதா? முதல் காரணம் எப்போதும் இதுவே. மேசைமேல் செல்பேசியை வைத்துவிட்டு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இருவர் பேசும்போது நடுவில் வைக்க வேண்டுமானால் நாற்காலிகளை நெருக்கிப்போடுங்கள். முழங்கால்கள் ஏறக்குறைய தொடும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தால் பேச்சும் தணிந்து இயல்பாகிவிடும்.

அறை வெறுமையாக இருக்கிறதா? டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வண்ணம் பூசிய சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல். நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இதுதான் வழக்கம். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகும் ஓசை நீண்டால் அந்த அறை வேண்டாம். 'டப்' என்று அங்கேயே அடங்கினால் அது பதிவுக்கு உகந்த இடம்.

வேறு அறை இல்லையென்றால் இருக்கும் அறையை மாற்றலாம். துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்காருங்கள். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பேசுபவரின் முதுகுப்பக்கச் சுவரைத்தான் முதலில் மூட வேண்டும், ஏனென்றால் மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரை. மேசைமேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் செல்பேசியை வையுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிழலில் நிறுத்திய கார் மிக நல்ல பதிவறை. கல்லூரியில் என்றால் நூலகத்தின் புத்தக அடுக்குகளுக்கு நடுவே இடம் கேளுங்கள். புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்துத் தணித்துவிடும்.

விடுதியில் தங்கியிருந்த ஒரு மாணவி போர்வையைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு, செல்பேசி வெளிச்சத்தில் தன் எழுத்துப் பிரதியைப் படித்துப் பதிவுசெய்தாள். அந்த ஆண்டு வகுப்பில் மிகத் தெளிவான குரல் அவளுடையதுதான்.

காலர் மைக் வேண்டுமா? மேற்சொன்ன எல்லாம் செய்தும், பேசுபவர் முதியவராகவோ தணிந்த குரலுடையவராகவோ இருந்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக் உதவும். கழுத்திலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் நடுப்பட்டியில் குத்துங்கள். சேலை முந்தானைக்குள் மறைக்காதீர்கள். பட்டுத் துணி உரசும் ஓசை பேச்சைவிடத் தெளிவாகப் பதிவாகும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? பேட்டி முடிந்துவிட்டது, மீண்டும் எடுக்க முடியாது, பேசியவர் ஊருக்குப் போய்விட்டார் என்றால் கல்லூரியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவரிடமோ அருகிலுள்ள சமூக வானொலி நிலையத்திலோ கேளுங்கள். இந்தியாவில் கல்லூரி வளாகச் சமூக வானொலி தொடங்கியதே 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான். இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் அத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே இருப்பவர்கள் முழுமையாகச் சரிசெய்து தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பகுதியை வைக்கலாம், எதை உங்கள் குரலில் சுருக்கிச் சொல்லிவிடலாம் என்று சொல்லித்தருவார்கள். அதுவே பெரிய உதவி.

## அறிகுறி 3: பேச்சுக்குப் பின்னால் இரைச்சல்

எந்த மாதிரி இரைச்சல் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### 'உஸ்ஸ்' என்று சீராக ஓடுகிறது

மின்விசிறி, குளிர்சாதனம், அல்லது பதிவு மிகத் தணிவாக எடுக்கப்பட்டுப் பிறகு ஒலியைக் கூட்டியது. இந்த மூன்றில் ஒன்று.

விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் ஒரு பெரியவரை விசிறி இல்லாமல் உட்காரவைப்பது நல்லதல்ல என்பதால் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் விசிறி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவேளையில் தண்ணீர் கொடுங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டியிருந்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டு நிறுத்துங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள். ஃப்ரிட்ஜை மீண்டும் போடவும் மறக்கமாட்டீர்கள்.

ஏற்கெனவே பதிவாகிவிட்டதா? ஆடாசிட்டியில் யாரும் பேசாத இரண்டு மூன்று நொடிகளைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் பகுதியில் இரைச்சலின் மாதிரியை எடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து மீண்டும் அதே பகுதிக்குப் போய் இயக்குங்கள். குறைக்கும் அளவு 6 முதல் 12 டெசிபலுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். சிறிது இரைச்சல் மிச்சமிருப்பது தவறில்லை. குரல் சிதைவதுதான் தவறு.

இந்த மாதிரிக்காகத்தான், பேட்டி முடிந்ததும் எல்லோரும் அரை நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்து அறையின் அமைதியைப் பதிவுசெய்யச் சொல்கிறேன். வெட்டிய இடங்களை நிரப்பவும் அது பயன்படும். ஒட்டிய இடத்தில் முழு மௌனம் வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

### 'ம்ம்ம்' என்று தாழ்ந்த ஒலியில் ரீங்கரிக்கிறது

மின்சாரத்தின் ரீங்காரம் இது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒலியும் அங்கேயும் அதன் மடங்குகளிலும் கேட்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் மைக் கம்பி மின்கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்து விலக்கிவையுங்கள். பிறகும் இருந்தால் கம்பியை மாற்றிச் சோதியுங்கள்.

பதிவாகிவிட்ட ரீங்காரத்துக்கு, தாழ்ந்த ஒலிகளை மட்டும் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். பேச்சுக்குச் சேதம் வராது. 100, 150 ஹெர்ட்ஸில் மிஞ்சியிருப்பதை மேலே சொன்ன நாய்ஸ் ரிடக்‌ஷன் கொஞ்சம் அடக்கும்.

எந்த மைக்கைச் செருகினாலும், எந்தக் கணினியில் செருகினாலும், ஒரே அறையில் மட்டும் ரீங்காரம் வருகிறதா? அந்த அறையின் மின் இணைப்பில் தரை இணைப்பு (எர்த்) சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது பாட்காஸ்டைவிடப் பெரிய விஷயம்.

### விட்டுவிட்டு வருகிறது

குக்கர் விசில், காகம், மீன்காரரின் குரல், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி. இவற்றுக்கு மென்பொருளில் மருந்து கிடையாது. நேரத்தை மாற்றுவதுதான் வழி. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி மார்கழியில் பதிவுக்குப் போகாதீர்கள். தெருக்கள் அடங்குவது பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான். ஓசை வந்துவிட்டால் பேசுபவரைத் தடுத்து நிறுத்த வெட்கப்படாதீர்கள். ஓசை அடங்கியதும் அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

எல்லாப் பின்னணி ஓசையும் பகை அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், தன் தாத்தாவின் பேச்சைக் குழித்தறி ஓடும்போதே பதிவுசெய்து கொண்டுவந்தாள். திரையில் பார்த்தால் சீப்பின் பற்களைப்போல் ஒரே இடைவெளியில் கூரிய முனைகள். ஒவ்வொன்றும் பலகை வந்து ஊடையை அடித்த அடி. அந்தப் பற்களுக்கு நடுவே தாத்தாவின் குரல் தணிந்து ஓடியது. ஒரு சொல் கேட்டால் அடுத்த சொல் அடியில் மறைந்தது. அவள் அழும் நிலையில் இருந்தாள். இரைச்சலை நீக்கிப் பார்த்தோம். தறியோடு குரலும் போயிற்று. அடுத்த ஞாயிறு தாத்தா சாப்பிட்டு எழுந்த நேரத்தில், தறி நின்றிருந்தபோது, பேச்சை மட்டும் எடுத்தாள். பிறகு அவர் தறியில் இறங்கி உட்கார்ந்ததும் பேச்சில்லாமல் தறியை மட்டும் இரண்டு நிமிடம் எடுத்தாள். தொகுக்கும்போது தறியோசையைத் தனித் தடத்தில் வைத்து, அவர் தொழிலைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மட்டும் மெல்லக் கொண்டுவந்தாள். முதல்முறை அவள் பேச்சைக் கெடுத்த அதே ஓசைதான் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கி நின்றது. உங்களுக்குப் பேட்டி கொடுப்பவரின் இடத்தில் அப்படி ஓர் ஓசை இருந்தால் விட்டுவிடாதீர்கள். தனியாக எடுங்கள்.

## அறிகுறி 4: குரல் உடைகிறது, கரகரக்கிறது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலும் கீழும் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் பதிவு தாங்கும் அளவைத் தாண்டி ஒலி போயிருக்கிறது. ஆடாசிட்டியின் வியூ பகுதியில் கிளிப்பிங் காட்டும்படி வைத்தால் அந்த இடங்கள் சிவப்பாகத் தெரியும். வெட்டுப்பட்ட பகுதி பதிவாகவே இல்லை, எனவே மீட்கவும் எதுவும் இல்லை. ஒலியைக் குறைத்தாலும் கரகரப்பு அப்படியே இருக்கும். சிரிப்பிலோ ஒரு சொல்லிலோ மட்டும் நடந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். முழுவதும் அப்படியென்றால் மறுபதிவுதான்.

மறுபதிவில், பேசுபவர் மிக உரக்கப் பேசும்போதும் அளவுமானியின் முனை −12 முதல் −6 டெசிபலுக்குள் (0 தான் உச்சம்) நிற்கும்படி வையுங்கள். சோதிக்கும்போது எல்லோரும் தணிந்து பேசுவார்கள். பேட்டி சூடுபிடித்ததும் குரல் உயரும். அதனால் சோதனையில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துப் பாருங்கள்.

அலை தட்டையாக இல்லை, ஆனால் 'ப' வரும் இடமெல்லாம் 'டொப்' என்று காற்று மோதுகிறதா? மைக் வாய்க்கு நேரே இருக்கிறது. கன்னத்தின் பக்கம் நகர்த்தி, வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். "பாப்பா பழைய பாயைப் பிரித்துப் போட்டாள்" என்று சொல்லிச் சோதியுங்கள். பதிவானதற்கு ஹை பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் அந்தந்த இடத்தில் மட்டும் போட்டால் தணியும்.

கம்பியை அசைக்கும்போதெல்லாம் கரகரப்பு வந்தால் முனையில் கம்பி விட்டுப்போயிருக்கிறது. மலிவான மைக் என்றால் மாற்றிவிடுங்கள். கல்லூரியின் விலையுயர்ந்த மைக் என்றால் நீங்கள் பிரிக்காதீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறுப்பாளரிடம் கொடுத்தால் பற்றவைத்துத் தருவார்.

புளூடூத் இயர்போனில் பதிவுசெய்து குரல் தொலைபேசியில் கேட்பதுபோல் ஒடுங்கியிருந்தால் அது பழுது அல்ல. மைக் இயங்கும்போது புளூடூத் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். கம்பியுள்ள இயர்போனையோ செல்பேசியின் சொந்த மைக்கையோ பயன்படுத்துங்கள்.

## அறிகுறி 5: ஒருவர் குரல் உரக்க, மற்றவர் குரல் காதில் விழவில்லை

கேள்வி கேட்பவர் மைக்குக்கு அருகிலும் பதில் சொல்பவர் தூரத்திலும் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். மைக் எப்போதும் விருந்தினருக்குச் சொந்தம். உங்கள் கேள்விகளைப் பிறகு தனியாகவும் பதிவுசெய்யலாம். அவர் பதிலை அப்படிச் செய்ய முடியாது.

பதிவாகிவிட்டதென்றால் இருவர் பேச்சையும் வெட்டி இரண்டு தடங்களாகப் பிரித்து, தணிந்ததை மட்டும் உயர்த்துங்கள். சலிப்பான வேலை, பத்து நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பிறகு முழுவதற்கும், ஒலியின் உரப்பைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னெஸ் நார்மலைசேஷன் போடுங்கள். இடது, வலது என இரண்டு ஒலிவழி உள்ள ஸ்டீரியோ கோப்புக்கு −16 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு), ஒரே ஒலிவழி உள்ள மோனோவுக்கு −19 என்பது பாட்காஸ்ட் உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதைச் செய்தால் உங்கள் பதிவு மற்றவற்றோடு சமமான ஒலியில் கேட்கும்.

## அறிகுறி 6: ஒரு காதில் மட்டும் கேட்கிறது

ஒற்றை மைக்கை ஸ்டீரியோவில் பதிவுசெய்திருக்கிறீர்கள். தடத்தின் பெயரைச் சொடுக்கி வரும் பட்டியலில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, காலியாக இருப்பதை அழித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

## அறிகுறி 7: குரல் இழுபடுகிறது, அல்லது இரண்டு பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

முழுப் பேச்சும் மெதுவாகி, குரல் கனத்துக் கேட்டால் மாதிரி வீதம், அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்பட்டது என்ற எண், தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. நொடிக்கு 48,000 என்று எடுத்ததை 44,100 என்று வாசித்தால் பத்து நிமிடப் பேச்சு ஏறக்குறைய 10 நிமிடம் 53 நொடியாக நீளும். தடத்தின் பட்டியலில் வீதத்தை 48,000-க்கு மாற்றுங்கள். பதிவுசெய்யும் எல்லாச் செல்பேசிகளிலும் ஒரே வீதத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் சரியாக இருந்தும், இருவர் தனித்தனிச் செல்பேசிகளில் எடுத்த பதிவுகள் தொடக்கத்தில் பொருந்திப் போகப்போக விலகினால், இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் சிறிது வேறுபடுகின்றன என்று பொருள். யாரும் பேசாத இடங்களில் ஒரு தடத்தை வெட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல நகர்த்திப் பொருத்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்திருந்தால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

## அறிகுறி 8: பதிவு பாதியில் நின்றுவிட்டது, அல்லது கோப்பையே காணவில்லை

அழைப்பு வந்ததா? பல செல்பேசிகளில் அழைப்பு வந்ததும் பதிவு நின்றுவிடும். அழைப்பு முடிந்த பிறகு தானாகத் தொடராது. விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

இடம் தீர்ந்ததா? பேட்டரி தீர்ந்ததா? சுருக்கப்படாத ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் எடுக்கும். பேட்டிக்குப் போகும் முன் குறைந்தது இரண்டு ஜிகாபைட் காலியாக இருக்கட்டும்.

தவறுதலாக அழித்துவிட்டீர்களா? ஐஃபோனின் வாய்ஸ் மெமோஸில் அழித்தவை, நீங்கள் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால், 30 நாள் தனிப் பட்டியலில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு பதிவுச் செயலிகளிலும் குப்பைக்கூடை உண்டு. முதலில் அங்கே தேடுங்கள்.

ஆடாசிட்டி நின்றுபோனதா? மூடித் திறந்தால் மீட்கவா என்று தானே கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள்.

கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை? வேவ் கோப்பு பாதியில் நின்றதால் இப்படி ஆகியிருந்தால் ஆடாசிட்டியின் இம்போர்ட் பகுதியில் ரா டேட்டா வழியாகத் திறந்து, 16 பிட், மோனோ, 44,100 அல்லது 48,000 என்று கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சின்ன வெடிப்போசை வரும். அதன் பிறகு பேச்சு இருக்கும். சுருக்கப்பட்ட எம்4ஏ கோப்பு பாதியில் நின்றிருந்தால் இந்த வழி பயன்படாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? கோப்பு எங்கும் இல்லை, குப்பைக்கூடையிலும் இல்லை, அந்தப் பேட்டியோ மீண்டும் கிடைக்காதது என்றால், அந்த நொடியே அந்தச் செல்பேசியில் எதையும் செய்வதை நிறுத்துங்கள். புகைப்படம் எடுக்காதீர்கள், மீட்புச் செயலி எதையும் பதிவிறக்காதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன்மேல் உட்காரும். மெமரி கார்டில் இருந்தது என்றால் கார்டைக் கழற்றி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். செலவாகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இருந்தாலும் சில குரல்களுக்கு அந்தச் செலவு தகும்.

ரயில்வேயில் தண்டவாளப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை ஒரு மாணவர் நாற்பது நிமிடம் பேசவைத்தார். ஏழாம் நிமிடத்தில் ஓர் அழைப்பு வந்து துண்டானது, அவர் கவனிக்கவில்லை. மறுவாரம் போய் மீண்டும் கேட்டார். பெரியவர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். ஆனால் முதல்முறை சொன்னபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்த இடங்கள் இரண்டாம்முறை வரவில்லை என்று அந்த மாணவர் என்னிடம் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன்: முக்கியமான பேட்டிக்கு இரண்டு செல்பேசிகளில் பதிவுசெய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எண் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

## அறிகுறி 9: ஆசிரியரால் திறக்க முடியவில்லை, தளத்தில் ஏறவில்லை

ஆடாசிட்டியின் ஏயூபி3 கோப்பை அனுப்பியிருப்பீர்கள். அது உங்கள் தொகுப்பு மேசை, பாட்காஸ்ட் அல்ல. எக்ஸ்போர்ட் செய்து எம்பி3 கோப்பாக அனுப்புங்கள். மோனோ, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) என்றால் பத்து நிமிடம் 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். பேச்சுக்கு அது போதும். இசை இருந்தால் 128-இல் எடுங்கள், 10 மெகாபைட்டுக்குள் வரும். ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 மெகாபைட்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில கல்லூரித் தளங்கள் ஏற்க மறுக்கின்றன. பதிவெண்ணை மட்டும் பெயராக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். குரல்செய்தியாகப் போனால் தரம் இறங்கிவிடும்.

உங்கள் கணினியில் எம்4ஏ கோப்பை ஆடாசிட்டி திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச இணைப்பை நிறுவுங்கள்.

பொதுவெளியில் ஏற்றிய பின் ஒலி நீக்கப்பட்டால் அநேகமாகப் பின்னணியில் திரைப்பாடல் இருந்திருக்கும். உரிமம் இல்லாத பாடலைப் போடாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே பறையோ புல்லாங்குழலோ வாசிக்கத் தெரிந்தவர் இருப்பார். அரை நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்து, முடிவில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

## அறிகுறி 10: ஒலியில் குறையே இல்லை, ஆனால் கேட்க முடியவில்லை

இதை மதிப்பெண் பட்டியலில் எழுத எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் இங்கே வரும் மாணவர் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார்.

எழுதியதை அப்படியே படிக்கிறீர்களா? கட்டுரையாக எழுதிய தமிழை வாய் ஏற்காது. 'நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது' என்று தாளில் இருப்பதைச் சொல்ல முயலும்போது மூச்சு நடுவில் தீர்ந்துபோகும். குரல் பள்ளி ஒப்புவித்தலின் ராகத்துக்குப் போய்விடும். செய்தி வாசிப்பவரைப்போல் பேச வேண்டும் என்று நீங்களே உங்களைக் கட்டிப்போட்டிருப்பீர்கள். முழு வாக்கியங்களை எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுக் குறிப்புகள் மட்டும் எழுதுங்கள். எதிரே ஒரு தோழியை உட்காரவைத்து, அந்தக் குறிப்புகளைப் பார்த்து அவளுக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எந்தத் தமிழ் பேசுகிறீர்களோ, நெல்லையோ கோவையோ, அந்தத் தமிழிலேயே சொல்லுங்கள். வட்டார வழக்குக்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

தொடக்கம் நீளுகிறதா? வணக்கம், என் பெயர், என் துறை, என் கல்லூரி, இன்று நாம் பார்க்கப்போவது என்று ஒரு நிமிடம் போய்விடுகிறது. பேட்டியில் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரு வாக்கியம் இருக்கும். அந்தப் பத்து நொடியை வெட்டி முதலில் வையுங்கள். உங்கள் பெயர் பிறகு வரட்டும்.

மௌனங்களை எல்லாம் வெட்டிவிட்டீர்களா? ட்ரங்கேட் சைலன்ஸ் என்ற வசதியை முழுப் பதிவின்மேலும் ஓட்டினால் மூச்சுவிடாமல் பேசும் ஆள் ஒருவர் கிடைப்பார். இருமல், திக்கல், திரும்பச் சொன்னது ஆகியவற்றை வெட்டுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் யோசித்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இன்னும் சரியில்லையா? இங்கே கூப்பிட வேண்டிய நிபுணர் ஒலிப்பொறியாளர் அல்லர். அந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாத, உங்கள் வீட்டிலுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். அம்மாவோ சித்தப்பாவோ, யாராக இருந்தாலும் சரி. பதிவைப் போட்டுவிட்டு நீங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கை எப்போது தன் செல்பேசியை நோக்கிப் போகிறது என்று பார்த்து அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் ஒரு நிமிடத்தைத்தான் வெட்ட வேண்டும்.